மீதி எங்கே போகிறது? தொடக்கக் கல்வியில் எண்களை முழுமையாக்கல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முழு எண்களை அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ முழுமையாக்குதல் இன்றைய தொடக்கப் பள்ளிக் கணக்குப் பாடத்தின் ஒரு சிறு பகுதி. ‘ஐந்தும் அதற்கு மேலும் எனில் மேலே, ஐந்துக்குக் குறைவெனில் கீழே’ என்னும் ஒற்றை விதியாக அது கற்பிக்கப்படுகிறது. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக் கணக்கு மரபு, தோராயத்தைச் சுட்டும் தமிழ்ச் சொல் வழக்குகள், 1957ஆம் ஆண்டின் பதின்ம நாணய மாற்றம், அதனையடுத்து இந்தியாவில் வழங்கிய வெவ்வேறு முழுமையாக்கல் விதிகள் ஆகியவற்றின் பின்னணியில் இப்பாடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. முழுமையாக்கல் என்பது மீதியை என்ன செய்வது என்பது குறித்த முடிவு. அம்முடிவு காலத்திற்கும் நோக்கத்திற்கும் ஏற்ப மாறி வந்துள்ளது. வகுப்பறை விதி அவற்றுள் ஒன்று மட்டுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: முழுமையாக்கல், தோராயம், திண்ணைப் பள்ளி, எண்சுவடி, இடமதிப்பு, நயா பைசா, தொடக்கக் கல்வி.

முன்னுரை

347 என்னும் எண்ணை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் 350. அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கினால் 300. ஒன்பது வயதுக் குழந்தை இவ்விடைகளைச் சில நாள் பயிற்சியிலேயே எழுதிவிடுகிறது. ஆயின், 350இல் கூடுதலாக வந்த 3 எங்கிருந்து வந்தது, 300இல் விடுபட்ட 47 எங்கே போயிற்று என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவது அரிது. கணக்கின் வரலாற்றில் இவ்வினாக்களே முதன்மையானவை. நெல்லை அளந்தவரும் நிலத்தை வரையறுத்தவரும் வரி கொடுத்தவரும் இவற்றுக்கு விடை தேட வேண்டியிருந்தது.

தமிழகத்துத் தொடக்கக் கணக்குக் கல்வியின் வரலாற்றைச் சுவடிகள், அளவை முறைகள், மனனப் பயிற்சி ஆகியவற்றின் வழியே விரிவாக ஆராய்ந்தவர் தி. செந்தில்பாபு. திண்ணைப் பள்ளியின் கணக்கு வெறும் மனப்பாடம் அன்று, அது உள்ளூர்ச் சமூகத்தின் தொழில்களோடும் அளவைகளோடும் பிணைந்த அறிவு என்பதை அவருடைய ஆய்வுகள் நிறுவியுள்ளன. அந்த அடித்தளத்தின்மீது, மீதியைக் கையாளும் முறை என்னும் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. மீதிக்குப் பெயரிட்ட மரபு

திண்ணைப் பள்ளி மாணவர் பயின்ற கணக்குச் சுவடிகளுள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியன முதன்மையானவை. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் அறிமுகப்படுத்தியது. நெல்லிலக்கம் முகத்தலளவைகளைக் கற்பித்தது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளைத் தந்தது. குழிமாற்று நிலப்பரப்புக் கணக்குக்கு உதவியது. மணலில் விரலால் எழுதியும், உரத்துச் சொல்லியும், சட்டாம்பிள்ளையின் முன்னிலையில் மீண்டும் ஒப்பித்தும் மாணவர் இவற்றை நினைவில் நிறுத்தினர்.

இச்சுவடிகளில் பின்னங்கள் பெற்ற இடம் குறிப்பிடத்தக்கது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி எனவும், நாலுமா, இருமா, மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி எனவும் ஒன்றின் கூறுகள் தனித்தனிப் பெயரும் குறியும் பெற்றிருந்தன. மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரிக்கும் குறைவான அளவு வந்தபோது கணக்கு நின்றுவிடவில்லை. முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, ‘கீழ்’ என்னும் அடைமொழியுடன் அதே பின்ன வரிசை மீண்டும் தொடங்கியது. கீழ்முந்திரி என்பது முந்திரியில் முந்திரி, அதாவது 1/102400. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவுகள் வேலியிலிருந்து இத்தகைய கீழ்ப்பின்னங்கள் வரை இறங்கிக் குறிக்கப்பட்டிருப்பது இம்முறையின் தொன்மையையும் நடைமுறைப் பயனையும் காட்டும்.

இங்கு ஒரு கருத்தியல் வேறுபாடு புலனாகிறது. முழுமையாக்கலில் மீதி விடப்படுகிறது, அல்லது நிரப்பப்படுகிறது. சுவடிக் கணக்கில் மீதிக்கு ஒரு பெயர் இடப்பட்டது. பெயர் பெற்ற மீதி கணக்கினுள் நின்றது. யாருக்குச் சேர வேண்டியதோ அவர் பெயரில் எழுதப்பட்டது. நில வரியும் கோயில் வருவாயும் குடிகளின் பங்கும் ஒரே விளைச்சலிலிருந்து பிரிக்கப்பட்ட சூழலில், மீதியை விட்டுவிடுதல் என்பது ஒருவர் பங்கை மற்றொருவருக்கு மாற்றுவதாகும். நுண்பின்னங்களை மனனம் செய்த சிறுவன் அந்த ஒழுங்கையும் சேர்த்தே பயின்றான்.

அளவைகளின் அமைப்பும் பத்துக்கு முழுமையாக்கலை வேண்டவில்லை. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 8 ஆழாக்கு ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். கம்பெனி ஆட்சியின் தொடக்கக் காலத்துச் சென்னையில் 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். இத்தகைய அளவைகளில் 37 பணத்தை 40 பணமாகக் கருதுவதால் கணக்கு எளிதாவதில்லை. அங்கு ‘முழுமை’ என்பது 10 அன்று. 8, 12, 42, 80 போன்ற எண்களே நிறைவின் எல்லைகள்.

2. தோராயம் வாழ்ந்த இடம்

துல்லியம் போற்றப்பட்டது என்பதால் தோராயம் அறியப்படவில்லை என்று கொள்ளுதல் பிழையாகும். தோராயம் ஏட்டைக் காட்டிலும் பேச்சிலும் தொழிலிலும் மிகுதியாக வாழ்ந்தது. குத்துமதிப்பு, கண்மதிப்பு, ஏறத்தாழ, கிட்டத்தட்ட, உத்தேசம், பாரசீக மூலமுடைய சுமார் என இதற்குச் சொற்கள் பல.

இவற்றினும் நுட்பமானது எண்ணுப்பெயர்களை இணைத்துக் கூறும் வழக்கு. நாலைந்து, ஐந்தாறு, ஏழெட்டு, பத்துப் பதினைந்து என்னும் தொடர்கள் ஓர் எண்ணைக் கூறாமல் ஓர் எல்லையைக் கூறுகின்றன. ‘ஏழெட்டுப் பேர் வந்தனர்’ என்பவர் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே தெரிவு செய்வதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு தம் அறிவின் எல்லையைப் புலப்படுத்துகிறார். முழுமையாக்கலோ ஓர் எல்லைக்குள் அடங்கும் எண்கள் அனைத்துக்கும் பதிலாக ஒரே எண்ணை நிறுத்துகிறது. 245 முதல் 254 வரையிலான பத்து எண்களும் பள்ளி விதிப்படி 250 ஆகின்றன. எனவே 250 என்னும் விடையும் உள்ளடக்கத்தில் ஓர் எல்லையே. வடிவத்தில் மட்டும் அது தனியெண். பள்ளிக்கு வருமுன்பே ‘நாலைந்து’ என்று பேசிப் பழகிய தமிழ்க் குழந்தைக்கு எல்லை என்னும் கருத்து புதிதன்று. அதனைத் தனியெண்ணாகச் சுருக்கும் முறையே புதிது.

ஏட்டிலும் மதிப்பீட்டுக்கு இடம் இருந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளை மதிப்பிடும் வழி கூறப்படுகிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, அத்தொகையை 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். முட்கள் 50 எனில் சுளை 60. முட்கள் 52 எனில் விடை 62.4. சுளையோ முழுதாகவே இருக்கும். ஆகவே கணக்கிடுபவர் 62 என்றோ 63 என்றோ தெரிந்தாக வேண்டும். நிலத்தின் மீதியைப் பின்னமாக எழுத முடியும். சுளையின் மீதியை அவ்வாறு எழுதப் பொருளில்லை. மீதியை விடலாமா கூடாதா என்பதை எண்ணப்படும் பொருளே தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரு நிலைகளும் சான்று.

3. எண் எழுதும் முறையும் முழுமையாக்கலும்

மரபுவழித் தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் (௰, ௱, ௲) உண்டு. 2347 என்பது ௨௲௩௱௪௰௭ என எழுதப்படும். பூச்சியம் இங்குத் தேவைப்படவில்லை. 2300 என்பது ௨௲௩௱ என்னும் நான்கு குறிகளில் முடியும். இம்முறையில் முழுமையான எண் குறுகிய எண்ணாகக் கண்ணுக்குத் தெரியும். கீழிறக்கி முழுமையாக்குவது என்பது இறுதிக் குறிகளை எழுதாது விடுவதே.

இடமதிப்பு முறையில் நிலை வேறு. 2347ஐ 2300 ஆக்கினாலும் நான்கு இலக்கங்களே நிற்கும். விடுபட்டவற்றின் இடத்தைப் பூச்சியங்கள் காக்க வேண்டும். 1825இல் சென்னையில் வெளியான கணித தீபிகை போன்ற அச்சு நூல்களின் வழியாகப் பூச்சியத்துடன் கூடிய இடமதிப்பு முறை தமிழ்ப் பள்ளிக் கணக்கினுள் இடம்பெறத் தொடங்கியது. ‘பூச்சியத்தில் முடியும் எண்ணே முழுமையான எண்’ என்னும் காட்சி இம்முறையோடு வந்ததாகும்.

இன்றைய குழந்தைகளிடம் காணப்படும் ஒரு பிழையை இவ்வரலாறு விளக்க வல்லது. 347ஐப் பத்துக்கு முழுமையாக்கும்போது 35 என்று எழுதும் குழந்தை, பத்துகளின் எண்ணிக்கையைச் சரியாகவே கண்டுள்ளது. இடத்தைக் காக்கும் பூச்சியத்தை மட்டும் மறந்துள்ளது. ‘முப்பத்தைந்து பத்து’ என்று வாய்விட்டுச் சொல்லச் செய்தால் பிழை தானே திருந்தும். தமிழ் எண்ணுப்பெயர்கள் பழைய எண்குறிகளைப் போலவே இடத்தின் பெயரைத் தம்முள் கொண்டிருப்பதால், எழுத்தில் மறைவது ஒலியில் வெளிப்படுகிறது.

எனினும், இடமதிப்பு வந்தவுடன் பத்துக்கு முழுமையாக்கல் அன்றாட வாழ்வில் பயன் பெற்றுவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைபெற்ற நாணய முறையில் 16 அணா ஒரு ரூபாய்; 12 பை ஓர் அணா; எனவே 192 பை ஒரு ரூபாய். ரூபாயின் மீதி அணாவுக்கும், அணாவின் மீதி பைக்கும் இறங்கியது. எண்கள் பத்தின் அடுக்கில் எழுதப்பட்டன. பணமோ பதினாறின் கூறுகளில் புழங்கியது. ஏட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இடையிலான இவ்விடைவெளி 1957 வரை நீடித்தது.

4. இரண்டணாவும் பன்னிரண்டு நயா பைசாவும்

1955ஆம் ஆண்டின் இந்திய நாணயத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. பழைய நாணயங்களும் புதியனவும் சில காலம் ஒருங்கே புழங்கியதால், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் தேவை எல்லார்க்கும் ஏற்பட்டது. ஓர் அணாவின் துல்லிய மதிப்பு 6.25 நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே முழுமையாக்கல் கடைத்தெருவின் கட்டாயமாயிற்று.

மாற்று அட்டவணையின்படி ஓர் அணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25 நயா பைசா. 6.25 என்பது 6 ஆனதும் 18.75 என்பது 19 ஆனதும் எதிர்பார்க்கத்தக்கனவே. இரண்டணாவின் துல்லிய மதிப்பு 12.5, அது 12 ஆயிற்று. அவ்வாறே ஆறணா (37.5) 37 எனவும், பத்தணா (62.5) 62 எனவும், பதினாலணா (87.5) 87 எனவும் கொள்ளப்பட்டன. சரிபாதி மீதி எப்போதும் கீழே விடப்பட்டது. வகுப்பறையின் ‘ஐந்து எனில் மேலே’ என்னும் விதிக்கு இது நேர் எதிரானது.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்று காட்டும். ஓரணாப் பொருளைப் பதினாறு முறை தனித்தனியே வாங்கிப் புதிய நாணயத்தில் கொடுத்தவர் செலுத்தியது 96 நயா பைசா. அப்பதினாறையும் ஒரே முறையில் வாங்கியவர் செலுத்தியது ஒரு ரூபாய், அதாவது 100 நயா பைசா. மாறாக, மூன்றணாப் பொருளை நான்கு முறை வாங்கியவர் 76 கொடுத்தார்; ஒருங்கே வாங்கியிருப்பின் 12 அணாவுக்கு 75 போதும். ஒவ்வொரு முறையும் விடப்பட்ட மீதி மிகச் சிறிது. ஆயினும் அது மறைந்துவிடவில்லை. ஒரு நிலையில் வாங்குபவர் பக்கமும், மற்றொரு நிலையில் விற்பவர் பக்கமும் அது சேர்ந்தது. கீழ்முந்திரி வரை மீதியை எழுதி வைத்த மரபு எந்த இடரைத் தவிர்க்க முயன்றதோ அந்த இடரே இங்குச் சில்லறையில் வெளிப்பட்டது.

1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்னும் அடைமொழி நீங்கியது. மெட்ரிக் அளவைகளும் 1958 தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962 ஏப்ரலில் எடையளவில் கட்டாயமாயின. பணமும் எடையும் நீளமும் பத்தின் அடுக்கில் அமைந்த பின்னரே, பத்துக்கும் நூறுக்கும் முழுமையாக்கும் பள்ளிப் பயிற்சி வீட்டுக் கணக்கோடு பொருந்துவதாயிற்று.

5. ஒரே காலம், மூன்று விதிகள்

சரிபாதியில் நிற்கும் எண்ணை எத்திசையில் நகர்த்துவது என்பதில் விடுதலை பெற்ற இந்தியாவில் குறைந்தது மூன்று விதிகள் ஏற்கப்பட்டுள்ளன. நாணய மாற்று அட்டவணை பாதியைக் கீழே விட்டது. எண் மதிப்புகளை முழுமையாக்குவதற்கான இந்தியத் தர ஆவணமான ஐ.எஸ். 2 : 1960, சரிபாதி வரும்போது விடையின் இறுதி இலக்கம் இரட்டைப்படையாக அமையுமாறு கொள்ளப் பணிக்கிறது. அம்முறையில் 25 என்பது 20 ஆகும். 35 என்பது 40 ஆகும். 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 288அ பிரிவோ, மொத்த வருமானத்தைப் பத்தின் மடங்காக்கும்போது இறுதி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ எனில் மேலேற்றப் பணித்தது. பள்ளி விதி இம்மூன்றாவதோடு ஒத்தது.

இம்மூன்றும் அவ்வவற்றின் நோக்கத்துக்கு ஏற்றவை. அளவீடுகள் பலவற்றைத் தொகுக்கும் பொறியியலில் ஒருபக்கச் சாய்வு கூடாது. எனவே இரட்டைப்படை விதி பொருந்தும். நிர்வாகத்துக்கு எளிமை வேண்டும். இறுதி இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் விதி அங்கு உதவும்.

பள்ளி விதியின் சாய்வைக் குழந்தைகளே கண்டறிய முடியும். 41 முதல் 50 வரையிலான பத்து எண்களின் கூடுதல் 455. அவற்றை ஒவ்வொன்றாகப் பத்துக்கு முழுமையாக்கினால் நான்கு எண்கள் 40 எனவும் ஆறு எண்கள் 50 எனவும் நிற்கும்; கூடுதல் 460. ஐந்தைக் கீழே விடும் விதியைக் கொண்டால் கூடுதல் 450. நடுவில் நிற்கும் 45 என்னும் ஓர் எண்ணே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அது 40க்கும் 50க்கும் சம தொலைவில் உள்ளது. ‘அருகிலுள்ள பத்து’ என்று சொல்லத்தக்க ஒன்று அதற்கு இல்லை. ஆகவே அதனை மேலேற்றுவது கணிதத்தால் நிறுவப்படும் உண்மை அன்று, ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபு.

6. வகுப்பறைக்கு வரலாறு தருவன

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு மதிப்பிடலையும் தோராயமாக்கலையும் கணிதக் கல்வியின் திறன்களுள் வைத்துப் பேசுகிறது. அந்நோக்கம் நிறைவேற, மேற்கூறிய வரலாற்றிலிருந்து மூன்று தெளிவுகளைப் பெறலாம்.

முதலாவது, முழுமையாக்கலை இலக்க விதியாகத் தொடங்காமல் எல்லையாகத் தொடங்குதல். 347 எந்த இரு பத்துகளுக்கு இடையில் உள்ளது என்று எண்கோட்டில் காட்டச் செய்து, பின்னரே எது அருகில் என்று வினவலாம். ‘நாலைந்து’ என்னும் பேச்சு வழக்கு இதற்கு இயல்பான வாயில். எல்லையை உணர்ந்த குழந்தை, 447ஐ முதலில் 450 ஆக்கி, அதனைப் பின்னர் 500 ஆக்கும் இரட்டைப் பிழையில் வீழ்வதில்லை. 447 என்பது 400க்கும் 500க்கும் இடையில் 400க்கே அருகில் உள்ளது என்பதை எண்கோடு உடனே காட்டிவிடும்.

இரண்டாவது, நோக்கத்தை வினாவோடு சேர்த்தல். ஒரு வகுப்பில் 43 மாணவர். குறிப்பேடுகள் பத்துப் பத்தாகக் கட்டப்பட்டு வருகின்றன. விதிப்படி அருகிலுள்ள பத்து 40. நான்கு கட்டுகள் வாங்கினால் மூன்று மாணவர்க்குக் குறிப்பேடு இராது. இங்கு மேலேற்றுவதே முறை. விழாவுக்கு வந்தோர் தொகையைச் செய்தியாகக் கூறுவதாயின் ‘ஏறத்தாழ நாற்பது’ போதும். ஒரே எண் இரு நோக்கங்களுக்கு இரு விடைகளைப் பெறுகிறது.

மூன்றாவது, மீதியைக் கணக்கில் காட்டுதல். விடையின் அருகே ‘3 கூட்டினேன்’, ‘47 விட்டேன்’ என்று எழுதும் பழக்கம் எளியது. அவ்வாறு எழுதும் குழந்தை, முழுமையாக்கிய எண்ணைத் துல்லிய எண்ணாக மயங்குவதில்லை. பல எண்களைக் கூட்டும்போது பிழை எவ்வளவு சேர்கிறது என்பதையும் காண்கிறது.

கலைச்சொற்களும் கருதத்தக்கவை. தமிழகத்தில் முழுமையாக்கல், உத்தேச மதிப்பு, தோராய மதிப்பு என்பன வழங்க, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மட்டந்தட்டல் என்னும் சொல் வழங்குகிறது. ‘முழுமை’ என்பது குறையொன்று நிறைந்ததான உணர்வைத் தருகிறது. மட்டந்தட்டல் என்பதோ, மரக்காலில் குவிந்த நெல்லை விளிம்போடு வழித்துவிடும் செயலை நினைவூட்டுகிறது. வழிக்கப்பட்ட நெல் களத்தில் எங்கோ விழுந்து கிடக்கும் என்பதையும் அச்சொல் மறக்கவிடுவதில்லை.

முடிவுரை

திண்ணைப் பள்ளிக் கணக்கு மீதிக்குப் பெயரிட்டது. பேச்சுத்தமிழ் மீதியை எல்லைக்குள் வைத்தது. இடமதிப்பு முறை அதன் இடத்தில் பூச்சியத்தை நிறுத்தியது. 1957இன் நாணய மாற்றம் அதனைச் சில்லறையாக இடம்பெயர்த்தது. இவற்றுள் எதுவும் மற்றொன்றின் குறைபட்ட வடிவம் அன்று. ஒவ்வொன்றும் தன் காலத்துக் கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்ற முடிவாக இருந்தது. தொடக்கப் பள்ளியில் கற்பிக்கப்படும் விதியும் அத்தகைய ஒரு முடிவே. 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாதனவாகிவிட்ட நாட்டில், மீதியைக் கையால் தொட்டறியும் வாய்ப்பு இன்றைய குழந்தைக்குக் குறைந்துவிட்டது. கடைச்சீட்டின் அடியில் ரூபாய்க்கு முழுமையாக்கிய தொகை ஒரு வரியாக மட்டும் அச்சாகிறது. அவ்வரியைப் படித்து, விடப்பட்டது எவ்வளவு, அது யார் பக்கம் சேர்ந்தது என்று கேட்கும் திறனை வளர்ப்பது இப்பாடத்தின் பணியாக அமைதல் வேண்டும்.